லைன் கிளியர்

காலண்டர் பார்ப்பதில்லை நான்.
எந்தக் கம்பத்தில் ஏறுகிறேனோ
அதுதான் மாதம்.

மே என்றால் ஏற்காடு.
மலர்க் கண்காட்சிக்கு சீரியல் செட் போட்டவன்
எர்த் கொடுக்காமல் சாப்பிடப் போயிருப்பான்.
சேர்வராயன் குகைக்குள் குனிந்து போனவர்கள்
நிமிர்ந்து வெளியே வந்ததும் கேட்பது
செல்போனுக்கு ஒரு பிளக்.
சந்தனக்கூடு, மாதா தேர்,
மாரியம்மன் பூப்பல்லக்கு:
எது வந்தாலும் முதலில் நான் கேட்பது உயரம்.
பதினெட்டு அடி என்றால் கவைக்கோல் போதும்.
அதற்கு மேல் என்றால் எல்.சி.
லைன் கிளியர்.
ஆபீசுக்கு போன் போட்டு
தெருவை அணைத்துவிட்டுத்தான்
சாமியை விடமுடியும்.

ஆடியில் குகை.
வண்டி வேடிக்கை இரவு.
கைலாயம் ஒரு லாரியில், பாற்கடல் ஒரு லாரியில்,
பின்னால் குட்டியானையில் டீசல் ஜெனரேட்டர்
எல்லா உலகத்துக்கும் சேர்த்துப் புகைந்துகொண்டு.

போன வருடம் பத்தே முக்காலுக்கு
கைலாயம் எங்கள் தெருமுனை திரும்பும்போது
என் நம்பருக்கு ஒரு பெண்.
"கறுப்பு கேட் வீட்டு ஹேமாவதிங்க.
பையனுக்கு வீசிங்.
இப்பத்தான் நெபுலைசர் வெச்சிருக்கேன்.
பத்து நிமிசம் கரண்டை நிறுத்தாதீங்கண்ணா."
பேச்சுக்குப் பின்னால்
அந்த மெஷினின் இரைச்சல்,
அதற்குள் சின்னதாக ஒரு இருமல்.

கம்பத்து மேலிருந்து கையை உயர்த்தினேன்.
லாரி நின்றது.
கமிட்டித் தலைவர் கத்தினார்.
எல்.சி. வரலைங்க, என்றேன்.
இருபத்தாறு வருட சர்வீசில்
ஆபீஸ் பேரைச் சொல்லி நான் சொன்ன ஒரே பொய்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.
மேளக்காரர்கள் அடியை மாற்றிப் பார்த்தார்கள்.
நாலாவது நிமிடம் யாரோ சொன்னார்கள்
வண்டி நகரமாட்டேங்குது.
ஆறாவது நிமிடம் ஒரு அம்மாவுக்கு அருள் வந்தது.
எட்டில் தேங்காய்.
பதினொன்றில்
"ஆச்சுங்கண்ணா."

தெருவை அணைத்தேன்.
செத்த கம்பியைக் கவைக்கோலால் தூக்கி
கிரீடத்துக்கு வழி விட்டேன்.
கீழே நிற்பவர்களுக்குப் பாதம் தெரியும்.
எனக்கு முகம், ஒரு முழ தூரத்தில்.
பார்வதி, செவ்வாப்பேட்டையில்
கொலுசுக்குப் பாலிஷ் போடும் ஜெகந்நாதன்,
இரும்புக் குழாயோடு பெல்ட்டில் கட்டியிருக்க
உதடு அசையாமல் சொன்னான்:
"மூக்கு அரிக்குதுண்ணே. அரை மணி நேரமா."
ரப்பர் கையுறை நுனியால் சொறிந்துவிட்டேன்.
பார்த்தவர்கள்
பூ வைத்ததாக நினைத்திருப்பார்கள்.

இந்த வருடம் நோட்டீசிலேயே அச்சாகியிருக்கிறது:
இரவு 10.45, கறுப்பு கேட் அருகில்
வண்டி நின்று தேங்காய் உடைத்தல்.
நான் கை தூக்கவில்லை.
டிரைவரே எஞ்சினை அணைத்துவிட்டார்.
தலைவர் புது மருமகனிடம் சொல்கிறார்:
"இது எங்க தாத்தா காலத்துல இருந்து, மாப்ளே."
மருமகன் செல்போனில் படம் எடுக்கிறான்.
கேட்டில் டு-லெட் போர்டு.
ராசிபுரம் போய்விட்டார்களாம், தை மாதமே.
மீட்டர் பெட்டிக்கு மேல்
சிலந்தி கட்டியிருக்கிறது.
என் போனில் இன்னும் இருக்கிறது,
'நெபுலைசர் வீடு'.
கூப்பிடலாமா என்று எடுத்தேன்.
என்ன கேட்பது?
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பதினோரு நிமிடம் சரியாக நின்றது கைலாயம்.
யாரோ கடிகாரம் வைத்துக்கொண்டே பார்த்தார்கள்.

பிறகு வழக்கம்போல இருட்டு, கவைக்கோல், கிரீடம்.
இந்த முறை பார்வதி வேறு பையன்,
மீசை வழித்த இடம் பவுடருக்கு அடியில் பச்சை.
முகத்தை ஆட்டாமல் கேட்டான்:
"இங்க மட்டும் எதுக்குண்ணே நிக்கிறோம்?"

எல்.சி. வரலைப்பா,
என்றேன்.