ஓநாயை எங்கே கட்டுவது

வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
மூடிப்போன உக்ரேனியத் தேவாலயத்திலிருந்து
இருநூறு டொலருக்கு வந்த பியானோ
தவமலரின் நிலவறையில்
துணி உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில்
சுவரோடு சாய்ந்து நின்றது.

"காந்தாரம் ஏறி நிக்குது," என்றாள்.
"நான் பாடேக்க நெத்தியில குத்துது."

பதினான்கு சென்ட்.
ஓர் அரைச்சுரத்தை நூறாய் அரிந்தால்
அதில் பதினான்கு துண்டு.
பதினேழு வருடமாய் இந்த நகரின் பியானோக்களைத் திருகுகிறேன்,
ஒருவரும் அதைக் குறை சொன்னதில்லை.
இரவெல்லாம் ஆஸ்பத்திரியில்
ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு
தூங்க வேண்டிய பகலில் பாடுகிறவள்,
ஐந்து கட்டைக்காரி,
சொல்கிறாள்.

விளக்கிப் பார்த்தேன்:
ஐந்தாம் நரம்பைப் பிடித்துப் பன்னிரண்டு முறை ஏறினால்
புறப்பட்ட வீட்டுக்கே வரவேண்டும்.
வரும்தான்,
ஆனால் படலை ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்.
அந்த விரற்கடையைப்
பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்திருக்கிறோம்.
எந்த வீட்டிலும் சண்டை வராத அளவுக்குப் பொய்.

"பங்கு வேண்டாம்.
எல்லாத்தையும் ஒரு இடத்தில போட்டுவிடுங்கோ."

போடலாம்.
போட்ட இடம் ஊளையிடும்.
எங்கள் தொழிலில் அதற்கு ஓநாய் என்று பெயர்.
கொல்ல முடியாது,
கட்டுகிற இடத்தை மட்டும் நாம் சொல்லலாம்.
எங்கே கட்டட்டும்?

சுழலும் துணிகளைப் பார்த்தபடி யோசித்தாள்.
"ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில.
அது ரெண்டையும் நான் சேர்த்து அமத்தமாட்டன்."

கம்பிகளுக்கிடையே கம்பளிப் பட்டையைச் செருகினேன்.
நொடிக்கு எட்டு முறை நடுங்கிக்கொண்டிருந்தது காந்தாரம்.
திருகியை மயிரிழை தளர்த்தினேன்.
ஏழு.
நாலு.
ஒரு நீண்ட அலை.
பிறகு
தட்டில் ஊற்றிய பால் மாதிரி.

அவள் பாடவில்லை.
எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து
சட்ஜத்தையும் காந்தாரத்தையும்
ஒலி சாகும்வரை அமத்திக்கொண்டிருந்தாள்.

தைவதத்தையும் இறக்கி முடித்து
ரிஷபத்தோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தேன்.
நொடிக்கு எட்டு.
காந்தாரத்திலிருந்து நான் எடுத்த அதே எட்டு
இடம் மாறிக் குந்தியிருந்தது.

நரம்புகளுக்கு உறவுமுறை சொன்னவர்கள் நம் ஆட்கள்:
இணை, கிளை, நட்பு, பகை.
ஐந்தாவது கிளை. மூன்றாவது பகை.
அன்றைக்கு நான்
ஒரு கிளையைக் கெடுத்துப்
பகையோடு சமாதானம் செய்துவிட்டு
தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச்சில் தொலைபேசி.
"மகனுக்குப் பியானோப் பரீட்சை. ஏ மைனராம்."

ஐந்து கட்டைக்காரியின் ரிஷபமும் தைவதமும்தான்
ஏ மைனரின் முதுகெலும்பு.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆரூரன், பத்து வயது, காலுறையில் ஓட்டை,
வாசித்துக்கொண்டிருந்தான்.
ஓநாய் வருகிற இடத்தில் மிதியை அழுத்தி
அது ஊளையிட்டு ஓயும்வரை காத்திருந்து
பிறகுதான் அடுத்த அடிக்குப் போனான்.
தாளம் நொண்டியது. அவனுக்கு அக்கறையில்லை.

"டீச்சர் வீட்டுப் பியானோவில இது இல்ல அங்கிள்.
அந்த இடம் அங்க சும்மா கிடக்கு."

தவமலர் படிக்கட்டில் நின்றாள்,
வேலை உடுப்பில், ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி.
"பரீட்சை எங்க?"
"டீச்சர் வீட்டிலதான்."
"அப்ப?"

அப்ப ஒன்றுமில்லை.
வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது.
ஈரத்தில் பலகை ஊதி,
காந்தாரம் லேசாய் அசைந்திருந்தது,
ஓநாயும் இளைத்து ஏழுக்கு வந்திருந்தது.
காந்தாரத்தை அவளுக்குத் திருப்பி வைத்தேன்.
பையன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க
ஓநாயை எட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பில்லில் என்ன வேலை என்று எழுதத் தெரியவில்லை.
எழுபது டொலர் என்று மட்டும் போட்டேன்.

நிலவறைச் சன்னல் சேற்றுமட்டத்தில் வெளிச்சமாய் இருந்தது.
வண்டி சூடாகும்வரை
எண்ணிக்கொண்டிருந்தேன்.