இரண்டங்குல ஆணி

செஞ்சையில் வாடகை மாடி,
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. தண்ணீர்க் காசு தனி.
மொட்டைமாடியைப் புழங்கலாமா என்று கேட்டதற்கு
வீட்டுக்காரர் சொன்னார்:
"துணி காயப் போடுங்க. பாரம் ஏத்தாதீங்க."

ஒரு கத்தரிச் செடி என்ன பாரம் இருந்துவிடும்?

நர்சரியில் சிமெண்டுத் தொட்டி நூற்றெண்பது.
சேலைக்கு ஃபால்ஸ் வைத்தால் நாற்பது.
தொட்டி ஒன்றுக்கு நாலரைச் சேலை.
அரைச் சேலையை யார் தைக்கக் கொடுப்பார்கள்?
விலை கேட்டதோடு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பரணில் ஏறினேன்.
கைப்பிடி போன குக்கர்.
பிளேடு கழன்ற மிக்ஸி ஜார்
(ஓட்டை போடும் வேலையே இல்லை).
வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன பெயிண்ட் வாளி இரண்டு.
தேவகோட்டை ரஸ்தாவில் இவர் வண்டியோடு சரிந்த அன்றைக்கு
விரிசல் விட்ட ஹெல்மெட்.
இவருக்கு ஒன்றும் ஆகவில்லை,
அதற்குத்தான் ஆனது.

ஆயுதம் என்று என்னிடம் இருந்தது
இரண்டங்குல ஆணி.
இடுக்கியில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சினால்
பிளாஸ்டிக் முனகிக்கொண்டே வழிவிடும்.
அலுமினியத்துக்கு ஆறிய ஆணி போதும்,
மேலே கருங்கல்லால் நாலு போடு.
கீழ்வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

கோட்டையூரில் அஸ்திவாரம் தோண்டிய இடத்தில்
கேட்டதும் கொடுத்தார்கள் இரண்டு சாக்குச் செம்மண்.
கண்டக்டர்தான் விடவில்லை, லக்கேஜ் இருபது ரூபாய்.
இளநீர்க் கடைக்காரர் மட்டைகளை
நான் எடுத்துப்போனால் தனக்கு உபகாரம் என்றார்.
காயவைத்துப் பிய்த்தேன், நகக்கண் எரிய எரிய.
அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டுவதை
அன்றோடு நிறுத்தினேன்.

குக்கரில் வெண்டை.
ஜாரில் ஒற்றைப் பச்சைமிளகாய்.
ஹெல்மெட்டில் வைத்த புதினா மாதம் திரும்புவதற்குள்
விளிம்பு தாண்டிப் பரட்டையாய் நின்றது.
"எனக்கே இத்தனை முடியில்லை" என்றார் இவர்,
தலையைத் தடவிக்கொண்டு.

கத்தரிக்கு மட்டும் அகலமாய் ஒன்று தேவைப்பட்டது.
பழைய இரும்புக்காரர் பெரியகருப்பன் வண்டியில்
ஏதோ பெரிய வீட்டைப் பங்காளிகள் ஒழித்த சாமான்கள்.
அடியில் கிடந்தது எனாமல் பேசின்.
வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு,
முதுகில் சிங்கமும் எனக்குப் புரியாத எழுத்தும்.
எடைக்கு எடை முப்பது ரூபாய்.
கவிழ்த்து வைத்து, சிங்கத்தின் வயிற்றில் ஆணி இறக்கினேன்.
எனாமல் சில்லுச் சில்லாய்த் தெறித்தது.

கத்தரி ஒரு முழம் வளர்ந்தபோது
மனைவியின் சேலைகளை வாங்க வந்தார் சிராஜுதீன்.
முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை.
காசை எண்ணியவர் கண், திறந்திருந்த மாடிக் கதவு வழியாக
நீலக் கோட்டில் போய் நின்றது.
அருகே போய்க் குந்தினார். அடியில் விரல் விட்டுத் தடவினார்.
"ஓட்டை போட்டுட்டீங்களேம்மா" என்றார்,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.
"முழுசா இருந்தா மூவாயிரம் தருவேன்."

எழுபத்தைந்து சேலை.
படுத்தபடி எண்ணினேன், திரும்பிப் படுத்தும் எண்ணினேன்.
எழுபத்தைந்துதான்.

காலையில் கடை திறந்ததும் எம்-சீல் வாங்கினேன்.
இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பிசைந்தேன்.
கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும் சாமான்.
செடியைச் சாய்க்கத் தண்டைப் பிடித்தால்
இலைக்கு அடியில் ஊதாப்பூ ஒன்று
வாடித் தொங்குகிறது. அதன் கழுத்தில்
மிளகளவு பச்சை.

கையிலோ உருண்டை இறுகிக்கொண்டிருக்கிறது.
பதினெட்டு ரூபாய்.

ஓடிப்போய் அடுப்படிக் குழாயின் கழுத்தில் அப்பினேன்.
குடிவந்த நாள்முதல் சொட்டியது நின்றது.
வீட்டுக்காரரிடம் அந்தப் பதினெட்டைக் கேட்கலாமா என்று
இன்னும் யோசனை.

சிங்கத்தின் வயிற்றிலிருந்து
தண்ணீர் விடும்போதெல்லாம் செந்நிறமாய்ச் சொட்டும்.
தளத்தில் கறை படாதிருக்க
பெயிண்ட் வாளி மூடியை அடியில் வைத்திருக்கிறேன்.
நிறைந்ததும் எடுத்து
வெண்டைக்கு ஊற்றுகிறேன்.