இடுப்புயரக் கதவு

லான்சோவில் நவம்பர்.
மஞ்சள் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் மண்,
பல்லில் நெறுநெறுக்கிறது.
பயிற்சி வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.
பெயர் வேண்டாம், எண் போதும்.
பதினேழாவது கேள்வி:
சிறுவயதில் வீட்டுக்குத் திரும்ப
உங்களுக்குப் பயமாக இருந்ததுண்டா?
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. அடிக்கடி.
முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா வழுக்கிக்கொண்டு போனது.
அத்தனை பழகிய பொய்.

பியானோ தேர்வில் எனக்குத்தான் முதலிடம்.
ஒரே மடிப்பில் எட்டு காகித முயல் வெட்டுவேன்.
அறைத்தோழி ஷியூன் கேட்பாள்:
ருவோலான், நீ தூங்கவே மாட்டாயா?
படியேறும் செருப்புச் சத்தத்துக்கு
இருபது வயதிலும் விழித்துக்கொள்ளும் காதை
அவளிடம் எப்படிக் காட்டுவது?

அப்பா அடித்தது
சேவலிறகுத் துடைப்பத்தின் பிரம்புப் பக்கத்தால்.
இறகுப் பக்கத்தால் அம்மா அலமாரி துடைப்பாள்,
அதே நாள்,
மெல்ல.

இன்று பாலர் பள்ளியில், சிற்றுண்டி நேரம்,
தோங்தோங் சோயாப்பாலைக் கொட்டிவிட்டாள்.
என் கை துணியை எடுக்கத்தான் உயர்ந்தது.
சத்தியமாகத் துணியைத்தான்.
அவள் இரண்டு முழங்கையையும்
தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.
அந்தக் கூரையை எனக்குத் தெரியும்.
அதன் அடியில்தான் நான் வளர்ந்தேன்.

கழிப்பறைக்கு ஓடினேன்.
அங்கே கதவுகள் இடுப்புயரம்,
நான்கு வயதுக்காரர்களுக்குச் செய்தவை.
பெரியவர்கள் ஒளிந்து அழ
அந்தக் கட்டடத்தில் ஓரிடமும் கட்டவில்லை.
குந்தி உட்கார்ந்தேன்.

கதவின் மேல்விளிம்பில் இரண்டு கண்கள்.
"டீச்சர், நனைச்சுட்டீங்களா?"
இல்லையென்று தலையசைத்தேன்.
அவள் என் கன்னத்தைப் பார்த்தாள்.
"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான்கு வயது.
அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை,
பாலைக் கொட்டிய கை அது,
இதைச் சிந்தாமல் ஏந்தி வருகிறது.

சொல்லு, என்றேன்.
சொல்லலாம், தோங்தோங்.
ஓடு பதித்த சுவரில் பட்டு
என் குரல் என்னிடமே வந்தது.

அவள் யோசித்தாள்.
பிறகு திரும்பி நின்று காற்சட்டைப் பொத்தானைக் காட்டினாள்.
போட்டுவிட்டேன், மூன்றாம் முயற்சியில்.

மாலை, குறிப்பேட்டில்
அவள் பெயரை எழுதினேன், மணியை எழுதினேன்,
முழங்கைகளை எழுதினேன்.
தலைமையாசிரியை அறையில் விளக்கு எரியும்போதே
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் படிவத்தை அவர்கள்
முன்பே கட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.
நாற்பத்தாறு என் எண்.
யாரிடம் கேட்பது என்று
இன்னும் தெரியவில்லை.