ஏ பக்கமா, எஃப் பக்கமா

கூத்தாநல்லூர் கடைத்தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் இடையே
எட்டுக்குப் பத்து அறை, என் டிராவல்ஸ்.
பதினோரு வருஷமாக ஊரை ஏற்றி அனுப்புகிறேன்,
நான் ஏறியதில்லை.

ஆனாலும் எந்த சீட் நல்ல சீட் என்று
என்னைத்தான் கேட்பார்கள்.
அதற்கென்றே ஒரு டைரி, உரக்கடையில் கொடுத்தது,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
யூரியா மூட்டையின் படம்.

திரும்பி வந்தவர்களை மடக்கி விசாரித்து எழுதியது:
திருச்சியிலிருந்து சிங்கப்பூர், பகல் விமானமென்றால்
இடப்பக்கம், ஏ. மன்னார்குடித் தெப்பக்குளம்
கண்ணாடிச் சில்லுபோல் ஒரு தரம் மின்னும்.
காலையில் கண் கூசும்.
வலப்பக்கம், எஃப். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு,
பிறகு உப்பளம், பிறகு கடல்,
பிறகு சாப்பாடு வந்துவிடும்.
நடு வரிசைகளில் இறக்கை மறைக்கும்.
பதினொன்று ஏ-யில் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில்
சுவர். நூருல் அமீன்
பாதிப் பணம் திருப்பிக் கேட்டுச் சண்டைக்கு வந்தார்.

சாட்சிகள் ஒத்துப்போவதே இல்லை.
ஒருவர் பார்த்த வெண்ணாறு
இன்னொருவருக்குத் தார் ரோடு.
பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.
சிலர், "என்ன தெரிஞ்சுது?" என்றால்
"எல்லாந் தெரிஞ்சுது" என்கிறார்கள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

தலைஞாயிற்றுப் பக்கத்து வைரக்கண்ணு,
ஆறாவது தடவை போகிறவர்,
அவர் மட்டும்தான் நடைபாதை சீட் கேட்டார்.
கால் நீட்டவா என்றேன்.

"இல்லம்மா. போன தடவ ஜன்னல் பக்கம் உக்காந்தேன்.
கல்லணையிலேருந்து பச்சையா வந்துகிட்டே இருக்கு.
அது எங்க முடியுதோ
அங்க எங்க ஊரு ஆரம்பிக்குது.
மேலேருந்து பாத்தா
அடிக்குச்சி வச்சுக் கோடு போட்டாப்புல இருக்கு."

சி போட்டேன்.
சீட்டுக் காசு வாங்க மறந்திருக்கிறேன்,
ராத்திரி முந்நூறு ரூபாய் கணக்கு உதைத்தது.

போன ஐப்பசியில் ஏஜெண்டுகளுக்குச் சென்னையில் கூட்டம்.
டிக்கெட் அவர்கள் செலவு, சீட் என் இஷ்டம்.
இரண்டு நாள் டைரியைப் புரட்டினேன்.
வடக்கே போகையில் கிழக்கு வலப்பக்கம்.
கல்லணையில் ஆறு கை விரிப்பதை,
வெண்ணாறு ஒரு விரல், புது ஆறு ஒரு விரல்,
பார்த்துவிடலாம்.
ஏழு எஃப்.
சின்ன விமானம், இறக்கை தலைக்கு மேலே,
ஒன்றையும் மறைக்காது.
கைக்குட்டையால் ஜன்னலைத் துடைத்தேன்.
அழுக்கு வெளிப்பக்கம்.

கிழக்கு முகமாகக் கிளம்பியது.
கொண்டல் அடிக்கும் மாசத்தில் அப்படித்தானாம்,
பிறகு சொன்னார்கள்.
காற்றுக்கு என் டைரியில் பக்கமே இல்லை.

ஏறியது. இடப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பியது.
எதிர் வரிசை முழுக்க பூமியைப் பார்க்கக் குனிந்தது.
என் ஜன்னல் நிறைய வானம்.
மேகம்கூட இல்லாத, புள்ளி வைக்காத
வெறும் வானம்,
ஒன்றும் எழுதாத தேர்வுத் தாள் மாதிரி.
நிமிர்ந்தபோது
மேகத்துக்குள் இருந்தோம்.

ஏழு ஏ-யில் ஒரு பையன்,
மருந்துக் கம்பெனிப் பை மடியில்,
நெற்றி கண்ணாடியில் ஒட்டியபடி.
பெல்ட் இழுக்க இழுக்க நடுவில் சாய்ந்து,
பதினோரு வருஷமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.
"தம்பி, என்ன தெரிஞ்சுது?"

திரும்பினான். நெற்றியில் வட்டமாகச் சிவந்திருந்தது.
"ஒண்ணுமில்லீங்க.
ஆறுதான்."

பேனா மூடியைப் பல்லால் கழற்றி எழுதினேன்:
ஏழு ஏ. ஆறு.

அடித்துவிட்டு
மறுபடி எழுதினேன்:
ஏழு ஏ. ஆறுதான்.