ஊமைக்கரடு

கொங்கில் ஒரு மேடு தெரிந்தால் போதும்
முருகன் போய் ஏறி நின்றுகொள்வான்.
படி வெட்டுவார்கள், பிறகு விளக்குக் கம்பம்,
பிறகு பஞ்சாமிர்தக் கடை, செருப்புக்கு டோக்கன்.
மூலனூருக்கு வடக்கே இந்த ஒன்று மட்டும்
எப்படியோ விட்டுப்போயிற்று.
சாமியில்லை, அதனால் படியில்லை.
பெயரைக்கூட ஆளுக்கொன்றாய்ச் சொல்கிறார்கள்.
எங்கள் பக்கம் ஊமைக்கரடு.

தராசு சரிபார்ப்பது என் வேலை.
வெள்ளகோவில், காங்கயம், முத்தூர் என்று
தேங்காய்க் களம் களமாய்ப் போய்
படிக்கல்லை வைத்து எடுத்து
எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவருவேன்.
எந்தக் களத்தில் குனிந்து நிமிர்ந்தாலும்
பருப்பு காயும் வெள்ளைக்கு அப்பால்
அது நிற்கும், எடை போடப்படாமல்.
பதினோரு வருஷம்.

நவமணிதான் சொன்னாள்:
"சும்மா பாத்துட்டே இருந்தா ஆச்சுங்ளா?"

பங்குனி ஞாயிறு, விடியுமுன்
கொறங்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தி
கிளுவை வேலிக் கடவு தாண்டினோம்.
ஒரு மயிலைக் கிடாரி எங்களைப் பார்த்து
அசைபோடுவதை நிறுத்தியது,
பொருட்டில்லை என்று மறுபடி தொடங்கியது.

வெள்வேல் முடிந்த இடத்தில் மண்ணும் முடிந்தது.
அப்புறம் கல். கல்லுக்குள் சூரமுள்.
வழி என்று நம்பியதெல்லாம்
ஏதோ வெள்ளாடு தொடங்கி
பாதியில் மனம் மாறிய தடம்.
சரளை இரண்டடி ஏற்றி ஓரடி இறக்கியது.
காலடியில் கவுதாரி ஒன்று வெடித்துப் பறந்ததில்
எனக்குப் பாதி உயிர் போய்
மீதியோடு ஏறினேன்.

உச்சி என்று போய்ச் சேர்ந்தது தோள்.
தலை இன்னும் அந்தப் பக்கம் இருந்தது.
தண்ணீர் பாட்டில் அங்கே தீர்ந்தது.
கடைசி மடக்கை அவள் என்னிடம் நீட்டினாள்,
வாங்கிக் குடித்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒரே பாறை.
ஆனை முதுகு என்று சொல்லலாம்,
ஆனைக்காவது பிடித்துக்கொள்ளக் காது உண்டு.
முப்பதடி இருக்கும். நாற்பதா?
அளவே தொழிலானவன் அளவு தவறினேன்.
முழங்கால் இரண்டும் தனித்தனியாய் நடுங்கின.
"நீ வேணா..." என்றேன். முடிக்கவில்லை.

நவமணி செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தாள்,
துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்,
மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறவள் மாதிரி
அவசரமில்லாமல் போனாள்.
வெடித்த குதிகால் இரண்டும்
பாறை விளிம்பில் வெளுத்துத் தெரிந்து
இல்லாமல் போயின.

செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன்.
"என்ன தெரியுது?" என்று கத்தினேன்.
காற்று தின்றது போக வந்து சேர்ந்தவை:
காத்தாடிக... அமராவதி... பழனியாட்ட இருக்குது...
நம்ம வண்டி...
அப்புறம் ஒன்றுமில்லை.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
கரடு பேருக்கேற்ற மாதிரி இருந்தது.

இறங்கி வந்தபோது
நெற்றியிலும் கழுத்திலும் முடி ஒட்டியிருந்தது.
"வேர்த்துப் போச்சா?"
"ம்" என்று செருப்பை மாட்டினாள்.
முதல் சறுக்கலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
அந்த உள்ளங்கை
சில்லென்று இருந்தது.

கார்த்திகைக்குப் பிறகு
இந்தச் சீமையில் ஒரு துளி விழவில்லை.

இரவு, ஊக்கின் முனையால்
என் குதிகாலில் சூரமுள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கேட்கலாமென்று வாய்வரை வந்தது.
"ஆடாதீங்க" என்றாள்.

திங்கள் காலை, முத்தூர்க் களம்.
படிக்கல்லை வைத்தேன், எடுத்தேன்.
எண் சுழியத்தில் நிற்காமல்
ஐந்து கிராம், பத்து கிராம் என்று
ஆடிக்கொண்டே இருந்தது.
"காத்துங்க" என்றார் களத்துக்காரர்.
நிமிராமல்
ஆமாங்க என்றேன்.