பின்பக்கமாக

நெனாத் முதல்முறை வந்தபோது
டார்ச்சும் ஒரு காந்தமும் கொண்டுவந்தான்.
பக்கத்துச் சிறுகதவு வழியே குனிந்து நுழைந்து
மட்கார்டு நெடுக ஒட்டி ஒட்டி எடுத்து
"தகரம் தகரமாகவே இருக்கிறது" என்றான்,
பிழைத்துவிடுவார் என்று சொல்லும் டாக்டர் மாதிரி.
ஓப்பல் கப்பித்தான். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. கருநீலம்.
மூக்கு சாலையைப் பார்த்தபடி.
பின்சீட்டுப் பஞ்சில் எலிகள் பல தலைமுறை வாழ்ந்திருந்தன.
ஜெர்மனி வரைபடத்தை
ஸ்டுட்கார்ட் வரை தின்றுவிட்டு நிறுத்தியிருந்தன.

இரண்டாம் முறை விலை பேச வந்தவன்
கொட்டகையின் பெரிய கதவருகே நின்று
அண்ணாந்து பார்த்தான்.
"இந்த அக்ரூட் மரத்தை யார் இங்கே நட்டது?"
"அம்மா."
"எதற்கு?"

எதற்கென்று
அப்பா கேட்டதாகக்கூட நினைவில்லை.
எழுபத்துநாலு, ஆகஸ்ட். எனக்கு ஒன்பது வயது.
வருஷத்தில் மூன்று வாரம் மட்டும்
வால்யேவோ பக்கத்து இந்த வீட்டில் இருப்பவர் அவர்;
மீதி நாளெல்லாம் ஸ்டுட்கார்ட்டில், வார்ப்பட ஆலையில்.
கிளம்ப வேண்டிய விடியலில்
கதவுக்கு நேர் எதிரே புதுமண்,
முழங்கால் உயரத்தில் ஒரு கன்று,
சுற்றிலும் ஈரம்.
அம்மா கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஏற்றிப் போயிருந்தால் டயருக்கே தெரிந்திருக்காது.
ஒரு சிகரெட் தீரும்வரை
அப்பா பெட்டியோடு நின்றார்.
பிறகு பெட்டியை உள்ளே வைத்துவிட்டு
பன்றிகளுக்குத் தீவனம் கலக்கப் போனார்.

அடுத்த வருஷமும் ஏற்றிப் போயிருக்கலாம்.
அதற்கடுத்த வருஷம் ஒரு கோடாலி போதும்.
சாவியை யாரும் ஒளித்து வைக்கவில்லை;
சமையலறை ஆணியில்
எனக்கே எட்டும் உயரத்தில் தொங்கியது.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு:
அக்ரூட் நட்டவர்
அதன் தண்டு தன் கழுத்துப் பருமன் ஆனதும் சாவார் என்று.
கிழவர்களைப் பிடித்துத்தான் நடச் சொல்வார்கள்.
அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்று.
வசந்தந்தோறும் அப்பா ஒரு நூலோடு மரத்தடிக்குப் போவார்,
அளப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்புவார்.
தண்டு கழுத்தைத் தாண்டிய வருஷம்
அம்மா அந்த நூலை அவர் கையிலிருந்து வாங்கி
அவர் சட்டைக்கே பட்டன் தைத்தாள்.
அதற்குப் பின்னும் முப்பத்தாறு வருஷம் இருந்தாள்,
அவர் போன பிறகும்.

வியன்னாவிலிருந்து தம்பி லூபிஷா போனில் கத்தினான்:
"மரம்தானே? வெட்டித் தொலை!"
அவன் எழுபத்தாறில் பிறந்தவன்.
அந்தக் கன்று இல்லாவிட்டால் அவனும் இல்லை.
சொன்னால் சண்டை வரும். சொல்லவில்லை.

பின்சுவரை இடிக்கலாம் என்றேன் நெனாதிடம்.
அப்பா கட்டியது, ஒற்றைச் செங்கல் கனம்.
கூலியை விலையில் கழித்துக்கொள்.
அவன் என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்,
நூற்றைம்பது யூரோ கழித்தான்.

சனிக்கிழமை. சம்மட்டியோடு இரண்டு பேர்.
கயிறு கட்டி இழுத்தால்
நான்கு சக்கரமும் சுழல மறுத்தன,
நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தவரின் முழங்கால் மாதிரி.
பின்பக்கமாக, செங்கல் தூளின்மேல் தேய்த்துக்கொண்டு
முட்டைக்கோஸ் பாத்திக்குள் வந்து நின்றது வண்டி,
மூக்கு இன்னமும் சாலைப் பக்கம்.

நெனாத் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தான்.
அடியில் கருந்தார், விரல் பருமனுக்கு.
முகர்ந்து பார்த்து, தொழில்காரன் குரலில் சொன்னான்:
"வாய்வரை நிரப்பி நிறுத்தியிருக்கிறார்.
கொஞ்சம்தான் இருந்திருந்தால்
இவ்வளவு பிசின் தங்காது."

நான் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.
முதலிலிருந்து எண்ணினேன்.

லாரி போன பிறகு
கொட்டகைக்குள் நல்ல வெயில்.
பெரிய கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தேன்.
ஒரு சாண் திறந்து
மரத்தில் முட்டி நின்றது.

இரவு கணக்கு எழுதும்போது
சுவர்க் கூலியில் பாதியை
லூபிஷாவின் பங்கில் கழித்தேன்.
கேட்பான்.
கேட்கட்டும்.