வாய்தா

கண்டனூர் தாண்டி, செம்பூராங்கல் மேட்டில்,
பதினேழு பங்காளிகள் பேரில் நாற்பத்தோரு ஏக்கர்.
தைலமரம் வெட்டி விற்ற காசில் மூண்ட சண்டை.
தேவகோட்டை கோர்ட்டு சொன்னது:
தீர்ப்பு வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக வாய்தா.

உத்தரவின் நகல்
கொண்டைக்குருவிக்குப் போய்ச் சேரவில்லை.
எங்கோ தின்ற காரைப்பழத்தை
வெட்டுப்பட்ட தைலக்கட்டைமேல் உட்கார்ந்து
கழித்துவிட்டுப் போயிற்று.
அதனால்தான் இங்கே
ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் ஒரு முள்வட்டம்.
ஆடு வாய்வைக்க முடியாத அந்த முள்ளுக்குள் வீரை,
வீரை நிழலில் உலக்கைப்பாலை,
அதன்மேல் ஒரு கொடி.
(எழுதிக்கொண்டேன்: கொடி, பேர் தெரியாது.)

நான் குருவி எண்ண வந்தவள்.
கோலைப் பிடிக்க சேவுகன்;
மற்ற நாளில் காரைக்குடியில் ஜேசிபி ஓட்டுகிறான்.
கோலில் அரை மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு.
எந்தக் கோட்டில் எத்தனை இலை தொடுகிறது,
அதுதான் கணக்கு.
"குருவிய எண்ண வந்துட்டு இலைய எண்றீங்களேக்கா?"

பதில் சொல்லவில்லை. ரோட்டோரம்
மறுபடி துளிர்த்த தைலத்துக்குள் கோலை நட்டோம்.
ஏழு கோடு வரை காற்று மட்டும்.
பத்து நிமிஷத்தில் ஒரு கரிச்சான்.
ஒரு காக்கை,
அதுவும் புதுவயலுக்குப் போகிற வழியில்.

ஒன்பதாவது இடத்தில் கோலே உள்ளே போகவில்லை.
தள்ளிக்கொண்டு போனதில் என் சட்டைக் கை கிழிந்தது.
கீழே சருகைப் புரட்டும் தவிட்டுக்குருவிகள், ஏழோ எட்டோ,
எண்ணி முடிப்பதற்குள் சண்டை போட்டு இடம் மாறின.
இடுப்பளவில் தையல்சிட்டு.
தலைக்குமேல் மாம்பழச்சிட்டு, குரல் மட்டும்.
அதற்கும் மேலே கொடிமுடிச்சில்
வாலை வெளியே விட்டுவிட்டு
மிச்சத்தை ஒளித்துக்கொண்ட பச்சைவாயன்.

சேவுகன் அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:
"செட்டியார் வீடு மாதிரிக்கா.
ஒரே வாசல். அடுப்பு தனித்தனி."

இந்த ஊரில் கல்யாணம் ஆனவர்கள் ஒரு புள்ளி.
துணை போனால் அரைப்புள்ளி.
என் நோட்டிலும் புள்ளிகள்தான்,
நின்று எண்ணிய இடத்துக்கு ஒன்று.

நடுவில் வக்கீல் ஒருவர் போன் செய்தார்.
"மரம் எத்தனை தேறும்மா?
விறகு விலையில் போட்டால் போதும்."
டவர் சரியில்லை என்றேன்.
டவர் நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது
சருகுக்குள்ளிருந்து அந்த இரட்டைச் சீட்டி.
ஆறுமணிக் குருவி.
வடக்கிலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருவது,
போன வருஷம் இங்கே இறங்கவில்லை,
அதற்கு முந்தின வருஷமும்.
சேவுகன் மூச்சுவிடாமல் நின்றான்.
ஒற்றைக் குரல்தான், பதில் இல்லை.
அரைப்புள்ளி என்று எழுதி, அடித்து,
ஒன்று என்று எழுதினேன்.

அடுத்த வாய்தா ஜனவரி பத்தொன்பது.

இருட்டுவதற்குள் சேவுகன் கோலை உருவினான்.
கோல் இருந்த இடத்தை இலைகள் மூடிக்கொண்டன.
மூன்றாம் கோட்டை
எழுத மறந்திருந்தேன்.